வீட்டில் இருந்துவிடுவது எதிர்ப்பாகாது

கொழும்பில் தேர்தல் நெருங்கினால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே கதைதான்: "நாங்கள் வோட்டுப் போட்டு என்ன ஆகப்போகுது?" காலி வீதிப் புடைவைக் கடையில் நிற்பவர் சொல்கிறார். செட்டியார் தெரு நகைப் பட்டறையில் இருப்பவர் சொல்கிறார். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளரும் சொல்கிறார். வாக்காளர் பதிவைப் பற்றிப் பேச வீடு வீடாக வரும் பிள்ளைகளை வாசலோடு திருப்பி அனுப்பும்போதும் இதே வசனம்தான். இந்தக் கருத்து பிழையானது. நெடுநாள் நிலைத்தால் இந்த நகரத்துத் தமிழருக்குக் கேடு செய்வது. அதனால்தான் மறுத்து எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் தரப்பை அதன் முழுப் பலத்தோடு எடுத்து வைக்கிறேன். கொழும்பு மாவட்டத்தில் தமிழர் சிறு தொகையினர். ஜனாதிபதியைத் தெரிவு செய்வது பெரும்பான்மை மக்கள். யார் வந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான், 1983ஐயும் கண்டோம், 2007ஐயும் கண்டோம். அரசாங்கப் பட்டியலில் பெயர் இருப்பது பாதுகாப்பில்லை என்பதை அனுபவித்தே அறிந்தோம். எங்கள் வாக்கு ஊரில் இருக்கிறது, இங்கே வேலைக்குத்தான் வந்தோம். வாக்களிக்கச் சொல்லிக் கதவைத் தட்டுபவர்கள் ஏதோ ஒரு கட்சியின் ஆட்கள். தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்கும் வசதியை எல்லோருக்கும் திறந்தால் கள்ளவாக்குப் பெருகும். போகாமல் இருப்பதே எங்கள் எதிர்ப்பு.

இப்படிப் பேசுபவர்கள் பட்டு அறிந்தவர்கள். அவர்கள் சொல்லும் அனுபவங்களில் பல உண்மை. அவற்றிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் பிழை.

1. எங்கள் வாக்கு எதையும் மாற்றாதா?

ஜனாதிபதித் தேர்தல் நடந்த 2005 நவம்பர் 17ஆம் திகதியை எடுங்கள். மகிந்த ராஜபக்ச பெற்றது 50.29 வீதம், ரணில் விக்கிரமசிங்க பெற்றது 48.43 வீதம். இருவருக்கும் இடையில் 180,786 வாக்குகள். ஆனால் பார்க்க வேண்டிய எண் வேறு. செல்லுபடியான வாக்குகளில் பாதியை வெற்றியாளர் தாண்டியது ஏறக்குறைய 28,600 வாக்குகளால் மட்டுமே. இன்னும் 58,000 பேர் போய் வேறு எவருக்காவது போட்டிருந்தால் அன்று முதற் கணக்கில் எவரும் வென்றிருக்க முடியாது, இரண்டாம் விருப்பை எண்ண வேண்டி வந்திருக்கும். அந்தத் தேர்தலில் 7 இலட்சம் வாக்காளர் பதிவாகியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 வீதம்.

அந்த மக்கள் விரும்பி வீட்டில் இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. புறக்கணிக்கச் சொன்னவர்கள் கையில் துவக்கு இருந்தது. அதன் பிறகு வந்த வருடங்களில் வன்னியில் நடந்ததை இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை. வேறொருவர் வந்திருந்தால் அது நடந்திராது என்றும் எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தமிழ் வாக்கு எதையும் மாற்றாது என்று இனி ஒருவர் சொன்னால், போடப்படாத தமிழ் வாக்கு ஒரு ஜனாதிபதியைத் தீர்மானித்த வரலாற்றை அவர் மறந்துவிட்டுப் பேசுகிறார்.

நாட்டை விட்டு நகரத்துக்கு வருவோம். மாவட்டக் கணக்கில் நாங்கள் சிறு தொகை என்பது சரி. மாநகர எல்லைக்குள் அப்படியில்லை. 2001 கணக்கெடுப்பில் கொழும்பு மாநகரத்தில் இலங்கைத் தமிழர் மட்டும் 28.9 வீதம், ஏறக்குறைய நூற்றுக்கு இருபத்தொன்பது பேர். 2025 மே 6 தேர்தலில் 117 ஆசனங்கள் கொண்ட மாநகர சபையில் தேசிய மக்கள் சக்திக்கு 48, ஐக்கிய மக்கள் சக்திக்கு 29, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூன் 16ஆம் திகதி மேயர் தெரிவில் தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலீ பல்தசார் 61 வாக்கும் எதிர்த்து நின்றவர் 54 வாக்கும் பெற்றார்கள். வித்தியாசம் 7 பேர். வெள்ளவத்தை வடக்கு, வெள்ளவத்தை தெற்கு, கொட்டாஞ்சேனை கிழக்கு, கொட்டாஞ்சேனை மேற்கு, ஜிந்துப்பிட்டி ஆகிய ஐந்து வட்டாரங்களையும் மட்டும் நினைத்துப் பாருங்கள். இவ்வளவு நெருக்கமான சபையில் அந்த வட்டாரத்து மக்கள் நிறைந்து வந்து வாக்களித்தால், நகரத்தின் மேயர் யார் என்ற பேரமே அவர்களுடைய வாசலில்தான் நடக்கும்.

மாநகர சபை பெரிய அரசியல் செய்யாது. வடிகான், குப்பை, தெருவிளக்கு, நூலகம், சோலைவரி இவைதான் அதன் வேலை. ஆனால் மழை பெய்தால் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் ஒழுங்கையில் குடியிருப்பவருக்கு இதைவிடப் பெரிய அரசியல் எது? புளூமெண்டால் குப்பை மேட்டின் நாற்றத்தைக் கொட்டாஞ்சேனைக்காரர் எத்தனை வருடம் சுவாசித்தார்கள்! 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லக் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு புதைந்தார்கள். குப்பையை எங்கே கொட்டுவது என்பதை முடிவு செய்தவர்கள், அந்த அயலில் வாக்குப் பலம் குறைந்த ஏழைகள் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்தே முடிவு செய்தார்கள் என்பது என் எண்ணம்.

2. போகாமல் இருப்பது எதிர்ப்பு என்றால், அதை யார் படித்தார்கள்?

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயாட்சி தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புச் செய்தது. அதைவிடத் தூய நோக்கத்தோடு ஒரு பகிஷ்கரிப்பு இந்த நாட்டில் நடந்ததில்லை. விளைவு என்ன? வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அரசாங்க சபை அந்த நான்கு பேர் இல்லாமலே கூடியது, சட்டம் செய்தது, பழகிவிட்டது. 1936இல் தமிழர் ஒருவரும் இல்லாத மந்திரி சபை அமைந்தது. தெற்கும் பகிஷ்கரிப்பில் சேரும் என்று அந்த இளைஞர்கள் நம்பினார்கள். தெற்கு வாக்களிக்கப் போனது.

எதிர்ப்பைக் காட்ட வேண்டும் என்றால் வாக்குச் சீட்டிலேயே அதற்கு இடம் இருக்கிறது. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் 226,343 வாக்குகள் பெற்றார். அந்த முயற்சியில் உடன்பாடு இல்லாதவர்கள் பலர், நானும் அதை ஆதரித்தவனில்லை. ஆனாலும் அந்த எண் தேர்தல்கள் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறது. ஆட்சியில் உள்ளவரும் வெளிநாட்டுத் தூதுவரும் வரலாறு எழுதுபவரும் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். அன்று வெள்ளவத்தையில் கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தவரின் எதிர்ப்பு எந்தப் பதிவில் இருக்கிறது? சோம்பல், காய்ச்சல், வெளியூர்ப் பயணம், கோபம் எல்லாம் முடிவறிக்கையில் ஒரே வரியில்தான் வரும்: வாக்களிக்காதோர்.

அதே தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. முதல் இருவரையும் தவிர்த்து மற்ற வேட்பாளர்களுக்கு வாக்களித்தவர்கள் 33 இலட்சம் பேர். அவர்களுடைய சீட்டுகளிலிருந்து முதல் இருவருக்கும் சேர்ந்த விருப்பு வாக்குகள் 273,131 மட்டுமே. பெரும்பாலானவர்கள் 2, 3 என்று எழுதலாம் என்பதைப் பயன்படுத்தவே இல்லை. "யார் வந்தாலும் ஒன்றுதான்" என்று முடிவு கட்டுமுன், இருவரில் குறைந்த தீமை எது என்று சொல்லக் கிடைத்த வாய்ப்பை ஏன் விட்டோம் என்று கேட்க வேண்டும். ஒரு மணித்தியாலம் செலவழித்து அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் வாசலுக்கு வரவில்லை, வந்தவர்களையும் நாங்கள் உள்ளே விடவில்லை.

3. பெயர் பட்டியலில் இருந்தால் ஆபத்து என்ற பயம்

இந்த வாதத்தை மட்டும் நான் ஒருபோதும் எள்ளி நகையாட மாட்டேன். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த இலக்க வீட்டில் யார் என்று பார்த்துப் பார்த்து எரித்தார்கள். அந்த வாரத்தை அனுபவித்த ஒரு தாய், கிராம அலுவலர் கொண்டுவரும் படிவத்தில் பிள்ளைகளின் பெயரை எழுதக் கை கூசினால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் கேள்வியை இறுதிவரை கேட்க வேண்டும். அன்று அந்த இடாப்பைக் கும்பலின் கைக்குக் கொடுத்தவர்கள் யார்? அதிகாரத்தில் இருந்தவர்கள். அவர்களைத் தெரிவு செய்வதிலும் அகற்றுவதிலும் எங்களுக்குள்ள ஒரே சட்டபூர்வமான பிடி அதே இடாப்புத்தான். பிடியை விட்டுவிட்டால் பட்டியல் இல்லாமல் போகாது. எங்களைப் பற்றிய வேறு பட்டியல்கள் எப்போதும் இருந்தன. யுத்த காலம் முழுவதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கியிருந்த தமிழர் பொலிஸில் பதிந்தார்கள், வரிசையில் நின்று பதிந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினார்கள். சொல்லப்பட்ட நியாயம், கொழும்பில் இருப்பதற்கு இவர்களுக்குத் தகுந்த காரணம் இல்லை என்பது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போட்ட மனுவில் அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. அன்று அந்த மக்களுக்கு இல்லாமல் போனது இந்த நகரத்தவர் என்று காட்டும் ஒரு தாள். ஆண்டாண்டாக வாக்காளர் இடாப்பில் இருக்கும் பெயரைவிட அதற்கு வலுவான தாள் எது?

இது உங்களுக்குத் தெரியாததும் இல்லை. பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கும் வருடம் வந்தால் என்ன செய்கிறோம்? பாடசாலைக்குக் காட்ட முந்திய ஐந்து வருட இடாப்புப் பிரதிக்காக ஓடுகிறோம். ஒரு வருடம் பெயர் விடுபட்டிருந்தால் புள்ளி குறைகிறதே என்று பிரதேச செயலகத்தில் நின்று அழுகிறோம். பள்ளிக்கூடத்துக்காகப் பெயரைப் பதிந்துவிட்டு, அந்தப் பெயரால் வரும் வாக்கை வீசிவிடுகிறோம். பயம்தான் காரணம் என்றால் இந்த ஓட்டம் எப்படி வந்தது?

வாடகை வீட்டுக்காரர்களின் சிக்கல் வேறு. குடியிருப்பவர் இடாப்பில் பதிந்தால் வீட்டுக்கு உரிமை கேட்பார் என்று பயந்து வீட்டுச் சொந்தக்காரர் பதிய விடுவதில்லை. வாக்காளராகப் பதிவதால் யாருக்கும் வீட்டின் சொத்துரிமை வராது. இதை வாடகைக்கு இருப்பவர் சொன்னால் சொந்தக்காரர் நம்பமாட்டார். கோயில் அறங்காவலரோ பங்குத்தந்தையோ அயலில் மதிப்புள்ள ஒருவரோ வந்து சொன்னால் நம்புவார். வீடு வீடாகப் போகும் வேலை ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

கொட்டாஞ்சேனைக்கு இன்னும் ஒரு கடன் இருக்கிறது. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் இந்திய வம்சாவளித் தமிழரின் வாக்கைப் பறித்தன. எஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரை சென்றது. ஜிந்துப்பிட்டியிலும் கொச்சிக்கடையிலும் இன்று முப்பது வயதில் இருக்கும் பலரின் தாத்தாவுக்கு வாக்கு இல்லை. அவர்கள் கேட்டு, அலைந்து, மனுப் போட்டும் கிடைக்காமல் இறந்த உரிமை இது.

4. எங்கள் வாக்கு ஊரில் இருக்கிறது

இருபது வருடம் வெள்ளவத்தையில் குடியிருந்து, கொழும்பு மாநகர சபைக்குச் சோலைவரி கட்டி, வாக்கை மட்டும் கொக்குவிலில் வைத்திருப்பவர் இரண்டு இடத்திலும் ஆளில்லாதவர். தேர்தலுக்கு முதல் நாள் இரவு வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் யாழ்ப்பாண பஸ்ஸில் அவர் ஏறப்போவதில்லை என்பது அவருக்கே தெரியும். நிரந்தரமாக வாழும் இடத்தில் பதிவதே சட்டம் எதிர்பார்ப்பது.

உண்மையாகவே ஊரில் வாக்குள்ளவர்களின் கதை வேறு. புறக்கோட்டைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் ஹட்டனுக்கோ பதுளைக்கோ போக வேண்டும். 40 கிலோமீற்றருக்கு உட்பட்டால் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்று சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்பதைத் தேர்தல்கள் ஆணைக்குழு ஒவ்வொரு தேர்தலிலும் அறிவிக்கிறது. எத்தனை கடைகளில் கொடுக்கிறார்கள்? கொடுக்காத முதலாளிகளில் பலர் தமிழர். தமிழர் உரிமை பற்றி மேடையில் பேசி, கடையில் நிற்கும் தமிழ்ப் பையனுக்கு வாக்களிக்க லீவு மறுப்பவருக்கு அந்த மேடையில் இடமில்லை.

5. கதவைத் தட்டுபவர்கள் கட்சிக்காரர்களா?

சிலர் அப்படித்தான். தமிழ்க் கட்சிகள் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது விருப்பு இலக்கத்தோடு வருவதும், இடாப்புத் திருத்தும் மாதங்களில் ஒருவரும் எட்டிப் பாராததும் உண்மை. அந்தக் குற்றச்சாட்டை அவர்கள் ஏற்க வேண்டும். பலனையும் அவர்களே அனுபவித்தார்கள். கொழும்பு மாவட்டத்தில் 2015இல் 69,064, 2020இல் 62,091 விருப்பு வாக்குகளோடு வென்ற மனோ கணேசன் 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் தோற்றார். அவருடைய அணி மாவட்டத்தில் பெற்ற 4 ஆசனங்களில் தமிழர் ஒருவரும் இல்லை. பின்னர் தேசியப் பட்டியலால் அவர் உள்ளே போனார். அந்த ஆசனத்தைக் கொடுத்தது கட்சித் தலைமை, வாக்காளர் அல்ல. செப்டெம்பரில் 79.46 வீதமாக இருந்த நாட்டின் வாக்களிப்பு எட்டு வாரத்துக்குள் 68.93 வீதமாக இறங்கி, முன்னரைவிட ஏறக்குறைய 18 இலட்சம் பேர் கூடுதலாக வீட்டில் இருந்த தேர்தல் அது.

கட்சி சாராமல் போகும் வேலை பயன் தருமா? அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998இல் அலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு அறிஞர்கள் பரிசோதித்தார்கள். தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னதால் பலனில்லை. வீட்டுக்கு வந்து முகம் பார்த்துக் கேட்டவர்களால் வாக்களிப்பு தெளிவாகக் கூடியது. எங்கள் ஊரில் இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் வாசலில் காவலாளியின் மேசை லாச்சியைத் திறந்து பாருங்கள். கிராம அலுவலர் விட்டுச் சென்ற பதிவுப் படிவங்கள் நிரப்பாமல் கிடக்கும், போன வருடம் கனடாவுக்குப் போனவரின் வாக்காளர் அட்டையும் கிடக்கும். மேலே ஆறாம் மாடியில் முழங்கால் வலியோடு தனியே இருக்கும் அம்மாவுக்குப் படிவம் வந்ததே தெரியாது. ஒருவர் மாடியேறிப் போனால் அவர் பெயர் இடாப்பில் வரும். அட்டை வராவிட்டாலும் அடையாள அட்டையோடு போய் வாக்களிக்கலாம் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

6. முன்கூட்டியே வாக்களித்தால் கள்ளவாக்கா?

அப்படியென்றால் இலங்கை நெடுங்காலமாகக் கள்ளவாக்கு நடத்துகிறது என்றல்லவா ஆகும்! 2024 ஜனாதிபதித் தேர்தலில் 7 இலட்சத்து 12 ஆயிரம் பேருக்கு மேல் தபால் மூலம் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தார்கள். அரச ஊழியர், பொலிஸார், படையினர் தேர்தல் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே வாக்களித்தார்கள். முடிவில் முதலில் வருவது அவர்களுடைய எண்கள்தான், அதில் எவரும் சந்தேகம் எழுப்புவதில்லை. படைச் சிப்பாய்க்குப் பாதுகாப்பான முறை, தனியார் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்யும் வெள்ளவத்தைத் தாதிக்கு மட்டும் எப்படி ஆபத்தாகும்? இந்தியாவில் 2024 பொதுத் தேர்தலில் 85 வயது கடந்தவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்க அதிகாரிகள் பெட்டியோடு போனார்கள். கனடாவில் 2025 ஏப்ரலில் முற்கூட்டிய நான்கு நாட்களில் 73 இலட்சம் பேர் வாக்களித்தார்கள். ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரிடம் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முற்கூட்டிய வாக்களிப்பைத் திறந்துவிட்டால் மட்டும் வாக்களிப்பு கூடிவிடாது. தனியே அதை மட்டும் செய்த இடங்களில் பலன் இல்லை, சில வேளை வாக்களிப்பு குறையவும் செய்தது என்று அமெரிக்க ஆய்வே 2014இல் காட்டியது. ஏற்கெனவே வாக்களிப்பவர்கள் வசதியான நாளுக்கு மாறுவார்கள், அவ்வளவே. ஆகவே தனியார் துறையினருக்கும் முதியோருக்கும் முற்கூட்டிய வாக்கு வேண்டும் என்று பாராளுமன்றத்திடம் கேட்பதும், வீடு வீடாகப் போவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். சட்டம் மாறும்வரை இரண்டாவது வேலைக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச் 29. மாகாண சபைத் தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு பெயர் சேர்க்க ஓடினால் நேரம் போதாது. இந்த மாதமே கிராம அலுவலரிடம் போய் உங்கள் வீட்டில் 18 வயது நிறைந்த ஒவ்வொருவர் பெயரும் இடாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த பிறகு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.